பழைய பட்டாளத்து ரைஃபிளுக்கு எத்தனை கிரெயின் குண்டு?

போன பொங்கலன்று மெல்பர்னிலிருந்து அக்கா மகன் வீடியோவில் கூப்பிட்டான். வாழ்த்துச் சொல்லத்தான் என்று நினைத்தேன். கேமராவைத் திருப்பினான், மேஜை மேல் ஒரு லீ என்ஃபீல்டு, பிரிட்டிஷ் பட்டாளத்தின் பழைய .303 ரைஃபிள், நாம் 'த்ரீ நாட் த்ரீ' என்போமே அது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில் 1942இல் செய்தது. "மாமா, எங்க கிளப்ல பழைய ராணுவ ரைஃபிளுக்குன்னு தனிப் போட்டி வைக்கிறாங்க. கடையில 150, 174, 180னு மூணு விதமான டப்பா இருக்கு. எதை வாங்குறது?"

நான் பெங்களூர் அலசூர்க்காரன். ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர், அதாவது பட்டாளத்தில் 'தம்பி' என்று எல்லோரும் கூப்பிடும் அந்தக் கூட்டம். எனக்குப் பட்டாள யோகம் இல்லை. என்சிசி முகாமில் சுட்டதோடு சரி. அதன் பிறகு விமானத் தொழிற்சாலையின் டூல்ரூமில் முப்பத்திரண்டு வருஷம் மைக்ரோமீட்டர் பிடித்தேன். குண்டு எடை என்பது பாதி துப்பாக்கி விஷயம், பாதி டூல்ரூம் விஷயம். அதனால் அவனுக்குச் சொன்னதையே புதிதாக வருகிற மற்றவர்களுக்கும் எழுதி வைக்கிறேன்.

பெங்களூரில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட ரகம். ஆயுதச் சட்டப்படி சாதாரணக் குடிமகனுக்கு அதற்கு உரிமம் கிடைக்காது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 ஜனவரியில்தான் அதற்கு விடை கொடுத்தது. இருந்தாலும் நம் கைக்கு வராது. இங்கே கிளப்பில் சேர்ந்தால் 10 மீட்டர் ஏர் ரைஃபிளும் .22ம்தான். இந்தக் கட்டுரை முக்கியமாக ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் என்று போய், உரிமம் எடுத்து, கிளப்பில் சேர்ந்து, பழைய ரைஃபிள் ஒன்றை வாங்கியிருக்கிற நம் பிள்ளைகளுக்கு.

சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நாம் எல்லாவற்றையும் 'தோட்டா' என்கிறோம். இங்கே தோட்டா என்றால் முழு உருப்படி: பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், தலையில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும். டப்பாவின் மேல் எழுதியிருக்கும் 150, 174 எல்லாம் அந்தக் குண்டின் எடை, கிரெயின் கணக்கில். ஒரு கிரெயின் 0.0648 கிராம், ஏறக்குறைய அரைக் குன்றிமணி. நகைக்கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம்: ஒரு தோலா என்பது சரியாக 180 கிரெயின். 180 கிரெயின் குண்டு ஒவ்வொன்றும் ஒரு தோலா ஈயமும் செம்புமாகப் பறக்கிறது. 174 என்பது 11.3 கிராம், கிட்டத்தட்ட ஒண்ணே கால் பவுனுக்கும் ஒன்றரைப் பவுனுக்கும் நடுவில். இந்த ஒப்பீட்டைக் கேட்டபின் மருமகன் ஒவ்வொரு தடவை சுடும்போதும் பெருமூச்சு விடுகிறானாம்.

ரைஃபிள் பிறந்தபோதே பேசி முடித்த எடை

எதை வாங்குவது என்ற கேள்விக்கு ரைஃபிளே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டது. புதுக் கடை ரைஃபிளுக்கு டெலஸ்கோப்பைத் திருகிக் குறியை எங்கே வேண்டுமானாலும் கொண்டுவரலாம். பழைய பட்டாளத்து ரைஃபிள் அப்படியில்லை. அதன் பின் சைட்டில், அதாவது குறிபார்க்கும் பின் உறுப்பில், 200, 300, 400 கெஜம் என்று வெட்டிய கோடுகள், ஒரு குறிப்பிட்ட எடைக் குண்டு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் போனால் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு வெட்டியவை. குண்டைச் சுழற்றுவதற்காகக் குழலுக்குள் திருகாக வெட்டிய வரிப்பள்ளங்களின் முறுக்கும் அந்தக் குண்டுக்காகத் தேர்ந்தது.

த்ரீ நாட் த்ரீக்கு அந்த எடை 174. 1888இல் இந்த ரகம் வந்தபோது குண்டு 215 கிரெயின், மொட்டைத் தலை. 1910இல் மார்க் 7 என்ற கூர்முனைக் குண்டு வந்தது: 174 கிரெயின், விநாடிக்கு 2,440 அடி. இரண்டு உலகப் போர்களிலும் சுடப்பட்டது அதுதான். என்சிசி முகாமில் தோள்பட்டை கன்ற வைத்ததும் அதுதான். ஆகவே முதல் டப்பா 174. சந்தேகமே வேண்டாம், அங்கிருந்து தொடங்குங்கள். தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். முடியும் இடம் வேறாக இருக்கலாம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

வேறு ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். ஜெர்மானிய கார் 98கே மவுசருக்கு 198 கிரெயின் பக்கம். ரஷ்ய மோசின் நாகந்துக்கு 147 கிரெயின் இலகு ரகமும், 185ஐ ஒட்டிய கன ரகமும் இருந்தன, சைட் முந்தையதற்கு. ஸ்வீடன் மவுசர் முதலில் 156 கிரெயின் நீளக் குண்டுக்காகப் பிறந்து, பிறகு 139க்கு மாறியது. ஸ்விஸ் கே31க்கு 174. அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்டுக்கு 150 அல்லது 172, எந்த வருஷத்துத் தோட்டா என்பதைப் பொறுத்து. எம்1 கேரண்ட் இருந்தால் மட்டும் கொஞ்சம் உஷார்: அது வாயு அழுத்தத்தில் தானாக இயங்குவது. வேட்டைக்கான கனமான தோட்டாவைப் போட்டால் அதன் இயக்கத் தண்டு வளைந்துவிடும். கேரண்டுக்கென்றே டப்பாவில் எழுதியிருப்பதை வாங்குங்கள்.

கடைக்குப் போகும் முன்

துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். எண்பது வருஷத்துப் பொருள். போல்ட்டுக்கும் (தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் தண்டு) தோட்டாவின் விளிம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அவர் கேஜ் போட்டுப் பார்ப்பார். அது தேறாவிட்டால் குண்டு எடை பற்றிப் பேசுவதே வீண்.

தேறியதும் குழலை அளக்க வேண்டும். இந்த இடத்தில் என்னைக் கொஞ்சம் பேச விடுங்கள். '.303' என்பது குழலுக்குள் வரிப்பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் மேட்டிலிருந்து மேட்டுக்கு உள்ள விட்டம், அங்குலத்தில். பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளந்தால் .311 அங்குலம் அல்லது அதற்கு மேல் வரும். போர்க்காலத்தில் அவசரத்தில் செய்த குழல்களில் .313, அதற்கு மேலும்கூடப் பார்க்கலாம். டப்பாவில் வரும் குண்டு .311 அல்லது .312. இது பள்ளத்தை நிரப்பினால் குண்டு நன்றாகச் சுழலும். நிரப்பாவிட்டால், சரியான எடையாக இருந்தாலும் தள்ளாடும்.

அளக்கிற விதம்: ரைஃபிளில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எண்ணெய் தடவிய மெல்லிய ஈயத் துண்டு ஒன்றைக் குழல் வழியாகக் கம்பியால் தள்ளி எடுப்பார்கள். பள்ளமும் மேடும் அப்படியே அதில் அச்சாகியிருக்கும். மருமகன் அதைச் சாதாரண மைக்ரோமீட்டரில் வைத்து ".307 வருது மாமா, குழல் சின்னதா இருக்கு" என்றான். சின்னதும் இல்லை ஒன்றும் இல்லை. லீ என்ஃபீல்டு குழலில் ஐந்து பள்ளம். ஒற்றைப்படை. ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே இன்னொரு பள்ளம் இருக்காது, மேடுதான் இருக்கும். இரண்டு தாடை உள்ள மைக்ரோமீட்டர் அங்கே பொய்தான் சொல்லும். ஐந்து பற்கள் கொண்ட டேப், ரீமர் போன்ற வெட்டுக் கருவிகளை அளப்பதற்கென்றே 108 டிகிரி வி-தாடை மைக்ரோமீட்டர் உண்டு. எங்கள் டூல்ரூமில் இரண்டு இருந்தன, யாரும் தொடமாட்டார்கள், நான் தொடுவேன். அது இல்லாதவர்கள் ஈயத்தைச் சுற்றி மெல்லிய தகட்டை இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி அளந்து, தகட்டின் கனத்தை இரட்டித்துக் கழித்துக்கொள்ளலாம். அப்படி அளந்தபோது அவனுக்கு .313 வந்தது. லீ என்ஃபீல்டின் பிந்தைய வடிவமான நம்பர் 4இல், சில போர்க்கால ரைஃபிள்களில் இரண்டே பள்ளம். அதில் இந்தத் தலைவலி இல்லை.

தகடும் ஈயமும் ஒத்துவராதவர்கள் கிளப்பில் அனுபவஸ்தர் யாரிடமாவது கேளுங்கள். அந்த ஊர்க் கிழவர்களுக்கு இதைவிட மகிழ்ச்சியான வேலை கிடையாது.

எடையா, நீளமா?

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இடறும் இடம் இது. குழலின் முறுக்குக்கு எடை தெரியாது, நீளம்தான் தெரியும். பம்பரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: குட்டையான பம்பரம் மெதுவாகச் சுற்றினாலும் நிற்கும், நெட்டையானதுக்கு வேகமாகச் சாட்டை சுண்ட வேண்டும். கன குண்டு பொதுவாக நீளமாக இருப்பதால்தான் எடையைப் பற்றிப் பேசுகிறோம்.

1879இல் உல்விச்சில் பீரங்கி அதிகாரிகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த கிரீன்ஹில் ஒரு சூத்திரம் சொன்னார். 150ஐக் குண்டின் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று வேண்டும் என்பது கிடைக்கும். .311ஐ .311ஆல் பெருக்கினால் .0967. அதை 150ஆல் பெருக்கினால் 14.5. மார்க் 7 குண்டின் நீளம் ஏறக்குறைய 1.28 அங்குலம், வகுத்தால் 11.3. லீ என்ஃபீல்டு குழலில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, இடப்பக்கமாக. தேவைக்கும் கொஞ்சம் கூடவே இருக்கிறது. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் 1.45 அங்குலம் வரை தாங்கும். கடையில் கிடைக்கும் 150, 174, 180 எதுவும் அந்த நீளத்தைத் தொடாது. ஆகவே த்ரீ நாட் த்ரீக்காரர்களுக்கு முறுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. மூன்றும் நிலையாகச் சுழலும். கணக்கைப் போட்டதன் பயன், அந்தக் கவலையை மூட்டை கட்டி வைக்கலாம் என்பதுதான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? தொண்டையிலிருந்து. தோட்டா உட்காரும் அறை முடிந்து வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தைத் தொண்டை என்பார்கள். பழைய தோட்டாக்களில் கார்டைட் என்ற மருந்து. அதன் சூடு கடுமை. ஆயிரக்கணக்கில் சுட்ட ரைஃபிளில் தொண்டை தேய்ந்து, அகன்று, தள்ளிப் போயிருக்கும். 150 கிரெயின் குட்டைக் குண்டு கூட்டை விட்டுக் கிளம்பி, எதையும் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓடி, கோணலாகப் போய் வரிப்பள்ளத்தில் மோதும். நீளமான குண்டுக்கு அந்த ஓட்டம் குறைவு.

குண்டின் அடிப்பகுதியையும் பாருங்கள். அசல் மார்க் 7க்குத் தட்டையான அடி. அதன் கூர்முனைக்குள் ஈயத்துக்குப் பதில் அலுமினியமோ மரக்கூழோ வைத்து, எடையைப் பின்னால் தள்ளியிருந்தார்கள். இன்று 174 என்று கிடைப்பதில் பல, படகின் பின்புறம் போல் அடி குறுகியவை. எண் ஒன்றுதான்; உருப்படி வேறு. தட்டை அடி, வெடிப்பின் அழுத்தத்தில் சற்றே விரிந்து தேய்ந்த குழலை அடைத்துக்கொள்ளும். படகடி உள்ள குண்டின் குறுகிய பின்புறத்தைச் சுற்றி வாயு முன்னால் நழுவப் பார்க்கும். நல்ல குழலில் இது பொருட்டில்லை. கிழட்டுக் குழலில் பெரிய பொருட்டு.

சைட்டைத் தொடாதீர்கள்

நான் சொன்னதைக் கேட்காமல் மருமகன் முதலில் 150 வாங்கிவிட்டான். விலை குறைவு. 100 மீட்டரில் குறிக்கு நாலு விரல் கீழே விழுந்தது. "முன் சைட் உயரமா இருக்கு போல" என்று முடிவுகட்டி, அரத்தை எடுத்து பிளேடைத் தேய்த்தான். குண்டு மேலே வந்தது, சந்தோஷப்பட்டான். அடுத்த வாரம் நண்பன் கொடுத்த 174ஐப் போட்டுப் பார்த்தால் குறி அட்டையின் மேல் விளிம்பில் போய் விழுகிறது.

இலகு குண்டு வேகமாகப் போகும், அதனால் மேலேதானே விழ வேண்டும் என்று நமக்குத் தோன்றும். கிட்ட தூரத்தில் பெரும்பாலும் நேர்மாறு. மருந்து வெடித்த உடனே ரைஃபிள் பின்னால் உதைத்துக் குழலின் வாயை மேலே தூக்கத் தொடங்குகிறது. குண்டு அப்போது இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. வேகமான குண்டு வாய் அதிகம் எழும்புமுன் வெளியேறிவிடும். மெதுவான கன குண்டு, வாய் இன்னும் உயர்ந்தபின் வெளியேறும். லீ என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கம் பூட்டுவதால் இந்தத் துள்ளல் கொஞ்சம் கூடவே. இங்கிலாந்தின் பிஸ்லி துப்பாக்கிப் போட்டிகளில் அது தொலைதூரத்தில் எதிர்பாராமல் நன்றாகச் சுட்டதற்குக் காரணமும் இதையே சொல்வார்கள்: மெதுவான தோட்டா மேல்நோக்கிக் கிளம்பி, வேகமானதோடு தூரத்தில் போய் ஒன்றுசேர்ந்துவிடுகிறது.

ஆகவே எடையை முடிவுசெய்தபின்தான் சைட். அதற்கும் அரம் வேண்டாம். எஸ்எம்எல்இ ரைஃபிளுக்கு (மருமகனிடம் இருக்கும் லீ என்ஃபீல்டு வகை) முன் சைட் பிளேடுகள் 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு வித்தியாசத்தில் உயரம் உயரமாகக் கிடைக்கும். ஒரு படி மாற்றினால் 100 கெஜத்தில் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நகரும். உயர்ந்த பிளேடு போட்டால் குண்டு இறங்கும், தாழ்ந்தது போட்டால் ஏறும். பின் சைட்டின் குறைந்தபட்சக் கோடே 200 கெஜம் என்பதால் 100இல் கொஞ்சம் மேலே விழுவது இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ணவேண்டாம்.

சுட்டுப் பார்ப்பது

ஒவ்வொரு விதத்திலும் ஒரு டப்பா வாங்குங்கள். செர்பியாவின் பிரிவி பார்ட்டிசான் 174இல் படகடி தருகிறது. செக் நாட்டு செல்லியர் பெல்லோவில் 150, 180 உண்டு. எதை வாங்கினாலும் முதலில் ஒரு காந்தத்தைக் குண்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது; பல மைதானங்களில் அனுமதி கிடையாது.

காற்று அடங்கிய காலை நேரம். முதலில் இரண்டு மூன்று குண்டு கணக்கில் இல்லை, குழலில் இருக்கும் எண்ணெயைப் போக்க. பிறகு ஐந்து, ஐந்தாக. ஒவ்வொரு எடைக்கும் குறைந்தது இரண்டு ஐந்து. மூன்று குண்டு சுட்டுவிட்டு "ஒரே ஓட்டை மாதிரி விழுந்துச்சு" என்று படம் அனுப்புகிறவர்கள் எனக்கு நிறையப் பேர் உண்டு. மூன்றாவது குண்டோடு நிறுத்தினால் எல்லா ரைஃபிளும் நல்ல ரைஃபிள்தான். ரைஃபிளைத் தாங்கும் மணல் மூட்டை மரக்கட்டையின் அடியில், உங்கள் இடக்கை பிடிக்கும் இடத்தில் இருக்க வேண்டும். குழலின் கீழே வைக்கக் கூடாது. லீ என்ஃபீல்டின் முன்கட்டை குழலை அழுத்திப் பிடித்திருக்கும், அந்த அழுத்தம் மாறினால் எல்லாம் மாறும். குழல் கை வைக்க முடியாத சூடானால் காபி குடிக்கப் போங்கள்.

எடை மாற்றும்போது அட்டையையும் மாற்றுங்கள். பென்சிலால் தேதி, டப்பாவின் லாட் எண் (ஒரே தடவையில் செய்த தொகுப்பின் எண்), எடை, வெயிலா மேகமா என்று எழுதுங்கள். என்சிசியில் எங்களுக்கு இதைக் 'குரூப்பிங்' என்று சொல்லிக் கொடுத்தார்கள்: 25 கெஜத்தில் .22ஐ வைத்து ஐந்து ரவுண்டு. எங்கே விழுந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள், எவ்வளவு நெருக்கமாக விழுந்தது என்றுதான் ஹவில்தார் பார்ப்பார். அதேதான் இங்கும். குழு மொத்தமும் இடப்பக்கம் தள்ளி விழுந்தால் சைட்டால் சரிசெய்யலாம். சிதறினால் எந்த சைட்டாலும் ஆகாது. சிதறல் குறைந்த டப்பாவே உங்கள் டப்பா.

100 மீட்டரில் 8 முதல் 10 சென்டிமீட்டருக்குள் விழுந்தால் போர்க்கால ரைஃபிளுக்கு அது மரியாதையான ஆட்டம். அட்டையில் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தெரிந்தால் குண்டு தலைகுப்புறத் தள்ளாடுகிறது என்று பொருள். எடையை மாற்றிப் பயனில்லை, குழல் வாயையும் பள்ளத்தின் அளவையும் பார்க்க வேண்டும்.

மருமகனின் கணக்கு இப்படி வந்தது: 150 ஒரு சாண் அகலத்துக்குச் சிதறியது. 174 படகடி 11 சென்டிமீட்டர். தட்டையடி 180, ஏழரை. .313 குழல், தேய்ந்த தொண்டை; ஆச்சரியமில்லை. 180 விழுந்த இடமும் 174க்குப் பக்கத்திலேயே இருந்ததால் சைட் கோடுகளும் ஏறக்குறைய ஒத்துவந்தன. அரம் பட்ட பிளேடை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

தோள் வலிக்கிறது என்று 150க்குப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாலு கிலோ ரைஃபிள், பின்னால் பித்தளைத் தகடு. நாற்பது ரவுண்டுக்கு மேல் சுட்டால் மறுநாள் சட்டை போடும்போது தெரியும். 100 மீட்டரோடு நிற்பவர்களுக்கு, உங்கள் குழல் அதை விரும்பினால், 150 போதும். 300, 500 என்று போகும்போதுதான் காற்று இலகு குண்டை அலைக்கழிக்கும். அங்கே 174க்குக் கீழே இறங்க வேண்டாம்.

பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்தால்? எடை பொருந்தும், அசல் 174தான். ஆனால் அதன் பிரைமரில் உள்ள உப்பு குழலைத் துருப்பிடிக்க வைக்கும். நம் கிர்க்கி தொழிற்சாலையின் 'கேஎஃப்' முத்திரை போட்டதும் வெளிநாடுகளில் இன்னும் சுற்றுகிறது. பார்த்தால் எனக்குப் பாசம் வரும், இருந்தாலும் போட்டிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சுட்டால் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். குழல் வாயை அட்டைப் பக்கமே வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போடுங்கள். உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. எந்தத் தோட்டாவாக இருந்தாலும் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தோசையைத் தொடாதீர்கள்; ஈயம்.

எடை முடிவானதும் அதே லாட் எண்ணில் ஒரு வருஷத்துக்குத் தேவையானதை மொத்தமாக வாங்குங்கள். லாட் மாறினால் மருந்தும் சற்று மாறும், இந்தப் பரீட்சையை மறுபடி எழுத வேண்டிவரும். மருமகன் 500 வாங்கி வைத்திருக்கிறான். எடைபோட்டுப் பார்த்தானாம், பத்துக் குண்டில் இரண்டு அரைக் கிரெயின் கூட இருக்கிறதாம். என்ன செய்வது என்று நேற்று ராத்திரி கூப்பிட்டான். தராசைப் பூட்டி வைத்துவிட்டுப் போய்ச் சுடச் சொன்னேன்.